வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த சமயத்தில், எங்கள் ஊரில் டோக்கன் இருந்தும் வாங்கப் போகாத ஒரே ஆள் அத்தைதான். ஊரே பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் வரிசை கட்டி நின்றது. அத்தை மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தாள். போகிற வழியில் என் அம்மா வரப்பில் நின்று கூப்பிட்டாள். அத்தை நிமிரவில்லை.

"நான் கேட்டனா அவங்கள? கேக்காத குடுக்கறவங்க பின்னால கேக்காத எட்த்துக்கினும் பூடுவாங்க. நீ போக்கா."

அத்தை எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. எதிர்வீடு. சிறு வயதிலேயே விதவையானவள், ஒரே ஒரு மகன், கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஒல்லியாக, கறுப்பாக, எந்நேரமும் எங்கேயோ கிளம்புகிறவள் மாதிரி முந்தானையை இடுப்பில் செருகியிருப்பாள். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பாள். கையில் கிண்ணமோ தூக்கோ தெரிந்தால் அவள் முகம் இறுகிவிடும்.

அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினால், நான் தெருவைத் தாண்டி வீட்டுக்குள் நுழைவதற்குள் அத்தை பின்னாலேயே வருவாள். மடியில் கத்தரிக்காய் இருக்கும், இல்லாவிட்டால் கோழி முட்டை. ஒன்றும் இல்லாத நாளில் அடுப்பெரிக்க நாலு தென்னை மட்டையை இழுத்துக்கொண்டு வருவாள். குழம்பை அதுவரை வாயில் வைத்திருக்கமாட்டாள். கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் சாப்பிடுவாள். பிரியத்தில் செய்கிறாள் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிரியம் இல்லை என்று எனக்குப் புரிந்தது சிக்கன்குனியா வந்த வருஷம்.

அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அத்தையால் பாயை விட்டே எழுந்திருக்க முடியவில்லை. மகன் அப்போதுதான் மஸ்கட்டுக்கு ஏசி மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தான். அம்மா காலையும் சாயங்காலமும் கஞ்சி கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தாள். ஒருநாள் காலையில் எங்கள் மாட்டுக் கொட்டகையில் யாரோ பெருக்குகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அத்தை நிற்கிறாள். வீங்கிப்போன விரல்கள் துடைப்பத்தைச் சுற்றி மடங்கவில்லை. அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சாணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வலியில் கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

அம்மா துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்தாள். "இன்னாடி பண்ற நீ? ஒரு வாய் கஞ்சி குடுத்ததுக்கு இப்டி செருப்பால அடிக்கிறியே."

"குட்ச்ச கஞ்சி உள்ள எறங்கமாட்டேங்குதுக்கா," என்றாள் அத்தை. "நாளிக்கி நீ கொண்டாராத."

அன்றைக்கு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபிறகுதான் எனக்கு அந்தப் பழைய கதையைச் சொன்னாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை அப்படி இல்லையாம். எங்கள் வீட்டு வெல்லப் பானைக்குள் தானே கையை விட்டு எடுத்துக்கொண்டு போவாளாம். புருஷனுக்குக் காசநோய் வந்து பல வருஷம் படுக்கையில் கிடந்து இறந்துபோனான். அவன் காரியத்தன்று, சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, அவனுடைய அண்ணன் பாகப் பேச்சை எடுத்தார். அவரை ஊரே பெரியவர் என்றுதான் சொல்லும். "படுத்தவனுக்கும் அவன் பொண்டாட்டி புள்ளைக்கும் இத்தினி வருசம் நான் ஓசிச் சோறு போட்டன். அத யாரும் பேசமாட்டேங்கறீங்க," என்றாராம். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் இலையிலிருந்து நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார்கள். அந்த வருஷங்களில் அந்த நிலத்தில் நாற்று நட்டதும், களை எடுத்ததும், நெல் அவித்ததும் அவள்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம்.

பிறகு பாகம் பிரிந்தது. வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்தது. நிலத்துக்கு நடுவே வரப்புப் போட்டார்கள். கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மோட்டார் அத்தைக்கு, மற்ற நாளெல்லாம் பெரியவருக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அத்தை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சிக்கன்குனியாவுக்கு அடுத்த வருஷம் நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெயருக்கு டீச்சர். பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுப்பதோடு, மெஷின் படுத்துவிட்டால் பிரித்துப் பார்ப்பதும் என் வேலைதான். அதனால் மஸ்கட்டிலிருந்து மகன் எனக்குத்தான் போன் செய்தான்.

"அக்கா, வாலாஜாபாத்துக்காரர் ஒருத்தர் லீவுல வர்றாரு. அவர்கிட்ட வெப் கேமராவும் ஒயர்லெஸ் அடாப்டரும் குடுத்துவுட்டுக்கீறேன். வூட்ல கம்ப்யூட்டர் சும்மாதான கெடக்குது. நீதான் கொஞ்சம் போட்டுக்குடுக்கணும். அம்மா மூஞ்சிய பாத்து வருசமாவுதுக்கா."

கம்ப்யூட்டர், அவன் போவதற்கு முன்னால் படம் பார்ப்பதற்காக வாங்கிப்போட்ட பழைய மெஷின். அத்தை அதன்மேல் வேட்டித் துணி போர்த்தி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். ஒயர் இல்லாமலே இன்டர்நெட்டை இழுக்கும் அந்த அடாப்டர் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. முதலில் சீடியைப் போட்டு அதற்கான டிரைவர் சாஃப்ட்வேரை மெஷினில் ஏற்ற வேண்டும், அப்புறம்தான் அடாப்டரைச் செருக வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் சிவப்பெழுத்தில் போட்டிருந்தது. சீடி கைக்குள் அடங்கும் அளவு சின்னது. டிரைவ் அதைப் படிக்கக் கரகரவென்று சத்தம் போட்டது. அத்தை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பக்கத்துத் துளை ஆட்டம் கண்டிருந்ததால் அடாப்டரைப் பின்பக்கம் செருகினேன். பச்சை விளக்கு மினுக்கியது. ஆனால் திரையில் ஒரு சிக்னலும் வரவில்லை. கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியும் சுவரும் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தன. சென்டரிலிருந்து கொண்டுவந்திருந்த நீட்டு ஒயரில் மாட்டி, அடாப்டரைப் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். பாகம் பிரித்ததிலிருந்து சாத்தியே கிடந்த ஜன்னல் அது. கொக்கியைத் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. கம்பியில் ஒயரைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தேன். திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது, பக்கத்தில் பூட்டுப் படத்தோடு. பெரியவர் மகனின் பெயர். எங்கள் தெருவில் போன் கம்பி போயிருந்தது அந்த ஒரு வீட்டுக்குத்தான். பாஸ்வேர்டை மகன் போனில் சொன்னான். தட்டினேன். கிடைத்துவிட்டது.

"எங்கேர்ந்துமே வருது இது?" என்றாள் அத்தை.

"பக்கத்து வூட்லேர்ந்து அத்தே."

"ஒயரு ஒண்ணும் காணமே."

"காத்துல வருது."

"யார் வூட்டு காத்து?"

நான் நடுச்சுவரைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்குப் போய் ஒயரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நைனா, ஓசில உன் மூஞ்சிய பாக்கவாணாம் எனுக்கு. நீ போன்லயே பேசு."

அவன் என்னென்னவோ சொல்ல வந்தான். போனை அணைத்துவிட்டாள். நான் கிளம்பும்போது ஒரு முறம் நிறைய மல்லாட்டை கொடுத்தாள். நடக்காத வேலைக்கும் கூலி.

சில மாதம் போயிருக்கும். மகன் வேலையில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கையில் கட்டு, வேறொன்றும் இல்லை, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று அவனே போனில் சொன்னான். அத்தை நம்பவில்லை. என்னை வாசலில் நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"கட்டுங்கறான். கை கீதா இல்லியான்னு போன்ல எப்டிமே தெரியும்? சிரிக்கிறான் வேற. நம்மளுக்கு மறைக்கறதுக்குத்தான சிரிக்கறது?"

அன்று சாயங்காலமே பெரியவர் வீட்டுக்குக் கிளம்பினாள். "நீ கூட வா. பேசறத ஒருத்தர் கேட்டுக்கினு கீணும்," என்று என்னையும் அழைத்துக்கொண்டாள்.

பெரியவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்துத் திகைத்து, உட்காரச் சொல்லிப் பாய் எடுக்க ஓடினாள். அத்தை வாசற்படியைத் தாண்டவில்லை.

"உங்க வூட்டு நெட்டு என் வூட்டுக்கு வரணும். சும்மா வாணாம். இன்னா குடுக்கணும்னு சொல்லுங்க."

பெரியவர் சிரித்தார். "குடும்பத்துக்குள்ள இன்னாமா இதெல்லாம்? எட்த்துக்கோ, போ."

"அப்ப வாணாம்." அத்தை திரும்பிவிட்டாள்.

"இரு இரு." பெரியவர் பேப்பரை மடித்தார். "ஒனுக்கு மனசு ஆறலன்னா ஒண்ணு பண்ணு. வெள்ளிக்கெழம தண்ணிய உட்டுக்குடு. சரியா பூடும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சிரிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. அத்தை யோசிக்கவில்லை. "சரி," என்றாள். பேரம் பேசினால்கூட அவருக்குக் கடன்பட்டதாகிவிடும் என்று நினைத்தவள் மாதிரி அந்த ஒரு வார்த்தையோடு படியிறங்கினாள்.

"அத்தே, நவரைப் பட்டத்துக்கு நெல்லு நட்டுக்கீற. தண்ணி இல்லாத இன்னா பண்ணுவ?" என்றேன் வழியில்.

"செவ்வாக்கெழம கீதுமே," என்றாள். அவள் நடையில் ஒரு நிம்மதி இருந்தது.

மறுபடி ஜன்னலைத் திறந்து அடாப்டரைக் கம்பியில் கட்டினேன். மகன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு கூடித் தெரிந்தது. அத்தை திரைக்குக் கிட்டே குனிந்தாள். கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஆட்டச் சொன்னாள். ஆட்டினான். ஒவ்வொரு விரலாக ஆட்டச் சொன்னாள். அப்புறம்தான் சிரித்தாள். அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கப்புறம் அவளுக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டன. தலைக்குக் குளித்து, பெட்டியிலிருக்கும் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு நான் வருவதற்கு முன்பே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். குழம்புச் சட்டியைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டுவாள். புதுக் கன்றுக்குட்டியைக் கூடத்துக்குள் இழுத்து வந்து காட்டினாள். அவன் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்கும் அந்த நேரங்களில் அந்த வீடு பிடித்திருந்தது.

வயல் காய ஆரம்பித்தது அதே மாதங்களில்தான். மின்வெட்டு கடுமையாக இருந்த காலம். மோட்டார் ஓடுகிற மும்முனைக் கரண்ட் பகலில் கொஞ்ச நேரம்தான் வரும். அத்தைக்கு மிச்சமிருந்த செவ்வாய்க்கிழமையில் வரவே வராது. நெல் பால் பிடிக்கிற நேரத்தில் அவள் வயல் வெடிப்பு விட்டிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியவர் வயல் பச்சையாக நின்றது. பார்க்கிறவர்களுக்கே வயிறு எரிந்தது.

"ஒரு வெள்ளிக்கெழம மட்டும் கேளேன் அத்தே. கதிரு வெளில வந்துட்ச்சி."

"குடுத்தத திருப்பிக் கேக்கறதா?"

"அப்டின்னா இந்த நெட்ட நிறுத்திடலாம்."

அவள் என்னை முறைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அந்த வெள்ளாமை முழுக்கப் பதராகப் போனது. அறுத்து மாட்டுக்குப் போட்டாள். அடுத்த பட்டத்துக்கு உழவே இல்லை. அவள் கூலிக்குக் களை எடுக்கப் போனாள், அதுவும் ஊரார் நிலத்தில். ஞாயிறு வந்தால் அதே பெட்டிப் புடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வழக்கமான பேச்சுக்கு நடுவில் சொன்னான். "ம்மா, இங்க சொந்தமா ஒரு கட போடலாம்னு கீறேன். பெரிப்பா நம்ம நெலத்த வெலைக்கிக் கேக்கறாரு. அதான் காஞ்சிக்கினு சும்மா கெடக்குதாமே. அவருக்கே குடுத்துடலாம்மா."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏன் காஞ்சிதுன்னு சொன்னாரா அவரு?"

"கரண்டு இல்லன்னாரு."

"வெள்ளிக்கெழம தண்ணிய அவருக்குக் குடுத்துட்டன் நைனா. இந்த நெட்டுக்கு."

திரையில் அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று நான் ஜன்னலைப் பார்த்தேன். சிக்னல் இருந்தது.

"எதுக்கும்மா குடுத்த? பாஸ்வேர்டு வாங்கும்போதே நான் பெரிப்பாகிட்ட கேட்டுட்டனே. தாராளமா எட்த்துக்கோங்கன்னு சொல்ட்டாரே அப்பவே. உன்ன யாரு தண்ணி கேட்டா?"

அத்தை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் தொடர்ந்து பேசினான். சண்டையெல்லாம் அவர்கள் காலத்தோடு போகட்டும் என்றான். பெரியப்பா நல்லவர்தான் என்றான். இவளுக்குத்தான் யாரோடும் ஒட்டத் தெரியவில்லை என்றான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை, "சாப்ட்டியா நைனா?" என்றாள்.

நிலத்தைக் கொடுக்க வேண்டாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். "அது அவன் அப்பனுதுக்கா. அவன் கேக்கும்போது வாணாம்னு சொல்ல நான் யாரு?" என்றாள் அத்தை. மகன் லீவு போட்டு வந்தான். உத்திரமேரூரில் பத்திரம் பதிவாயிற்று. பெரியவர் தன் வேனிலேயே எல்லாரையும் கூட்டிப்போனார். அத்தை மட்டும் டவுன் பஸ்ஸில் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு, டவுன் பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள்.

மகன் மஸ்கட்டுக்குத் திரும்பிய பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல அத்தை வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர்மேல் வேட்டித் துணி கிடந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. அடாப்டரைக் காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினாள்.

"உங்க சென்டர்ல யாருக்குனா ஆவும், எட்த்துக்கினு போ."

"பெரியவரு எடுக்கச் சொன்னாரா?"

"இல்ல. இருந்துட்டுப் போவட்டும், நம்ம வூட்டுப் பொம்பள தானன்னு சொன்னாரு. அதக் கேட்டப்புறந்தான் புடுங்கனன்."

"அத்தே..."

"தண்ணி மொறையே இல்ல இப்ப. இனிமே இன்னாத்த குடுத்து நான் இத்த வாங்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. புருஷன் காரியத்தன்று ஒருவன் சொன்ன ஒரு சொல்லுக்காக ஒரு மனுஷி இத்தனையையும் தூக்கிக் கொடுப்பாளா என்று ஆத்திரமாக இருந்தது. "உன் புள்ள மூஞ்சிய விட ஒனுக்கு ரோசம் பெருசா அத்தே?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமான்னு வெச்சிக்கோ," என்றாள். அதோடு எழுந்து கோழியைக் கூண்டில் அடைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு மகனும் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டான். அம்மா பேசினால் வருத்தம்தான் மிஞ்சுகிறது என்று என்னிடம் சொன்னான். நான் கல்யாணமாகித் தாமல் ஊர்ப் பக்கம் போய்விட்டேன். அம்மாவைப் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுக்கும் போனேன். அத்தை தோட்டத்துப் பக்கம் நடுச்சுவரை ஒட்டி உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் மூட்டையாகக் கொடுத்து வாங்கும் கூலி வேலை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. ஸ்பீக்கரில் மகன் பேசிக்கொண்டிருந்தான். கடையைப் பற்றி, அங்கத்து வெயிலைப் பற்றி, பெரியவர் மகனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி. அத்தையின் கை தட்டிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புளி மூட்டையை இந்த இடத்துக்குத்தான் தூக்கி வருகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்கம்மா இல்லியா பெரிம்மா? கொஞ்சம் கூப்புடேன், பாத்துட்டு வெச்சிடறேன்," என்றது ஸ்பீக்கர்.

பெரியவர் மனைவி சுவரோரம் வந்து குரல் கொடுத்தாள். அவள் குரலில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. "ஏம்மே, உன் புள்ள பாக்கணுங்கறான். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அத்தை தலையைத் தூக்கவில்லை. "நான் வூட்ல இல்லன்னு சொல்லு."

அவள் சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும். "சரி வுடு பெரிம்மா," என்றான். பிறகு பெரியவரைக் கூப்பிட்டு, அப்பாவின் நிலத்தில் புதிதாகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் எப்படி வருகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தான். பெரியவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். எவ்வளவு ஆழம், எந்தக் கல்லைத் தாண்டியபிறகு ஊற்று வந்தது, இப்போது எத்தனை பட்டம் வைக்க முடிகிறது என்று. அத்தை கையை நிறுத்தாமல், ஒரு வார்த்தை விடாமல், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.